மலைக்குப் போறீங்களா? கேமராவைக் கடைசியா யோசிங்க

செமஸ்டர் தேர்வு முடியுற தேதி தெரிஞ்ச உடனே ஹாஸ்டலில் ரெண்டு விஷயம் நடக்கும். ஒண்ணு, கொடைக்கானலா, ஊட்டியா, வால்பாறையா என்ற சண்டை. இன்னொண்ணு, யாராவது ஒருத்தர் வாட்ஸப் க்ரூப்பில் "மச்சி, மலைக்குப் போக எந்த கேமரா வாங்கலாம்?" என்று கேட்பது. அதற்கு வரும் பதில்கள் எல்லாமே பாடியின் பெயராகத்தான் இருக்கும். ஒருத்தர் கேனான் என்பார், இன்னொருத்தர் சோனி என்பார், மூணாவது ஆள் "ஃபுல் ஃப்ரேம் இல்லாம மலைக்குப் போறதே வேஸ்ட்டுடா" என்று தீர்ப்பு எழுதிவிடுவார்.

இந்தக் கட்டுரை அந்த மூணாவது ஆளுக்கு எதிரானது. வீட்டில் கெஞ்சி வாங்கின பணமோ, இன்டர்ன்ஷிப்பில் வந்த ஸ்டைபண்டோ, எதுவாக இருந்தாலும் படிக்கிற காலத்தில் இந்த அளவுக்குச் செலவு செய்ய ஒரு தடவைதான் வாய்ப்புக் கிடைக்கும். அதில் முக்கால்வாசி பாடிக்கே போய்விட்டால், மிச்சத்தில் கிடைக்கும் லென்ஸை வைத்து நாலு வருஷம் ஓட்ட வேண்டியதுதான். மலை நம்மிடம் கேட்பது மூன்று விஷயங்கள். தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்ட வேண்டும், தூக்கிக்கொண்டு நடக்க முடிகிற எடையில் இருக்க வேண்டும், ஈரத்திலும் குளிரிலும் பிழைக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் பாடியின் விலைக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. அதனால லென்ஸ்ல ஆரம்பிப்போம். பாடி எங்கேயும் ஓடிப்போயிடாது.

அவ்ளோ பெரிய மலை, போட்டோல மட்டும் ஏன் குட்டியா இருக்கு?

இதை அனுபவிக்காத ஆளே இருக்க முடியாது. நேரில் பார்க்கும்போது மூச்சடைக்க வைத்த மலை, மொபைலில் எடுத்துப் பார்த்தால் தூரத்தில் ஒரு மேடு மாதிரித் தெரியும். மேலே பாதி வெறும் வானம், கீழே பாதி புல். இதற்குக் காரணம் எட்டாம் வகுப்பு வடிவொத்த முக்கோணம்தான். சென்சாரில் விழும் பிம்பத்தின் உயரம் என்பது, லென்ஸின் குவியத்தூரத்தைப் பொருளின் உயரத்தால் பெருக்கி, தூரத்தால் வகுத்தால் வருவது. 500 மீட்டர் எழும்பி நிற்கும் ஒரு சிகரம், உங்களிடமிருந்து 5 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உயரத்தைத் தூரத்தால் வகுத்தால் பத்தில் ஒன்று. மொபைலின் மெயின் கேமரா, ஃபுல் ஃப்ரேம் கணக்கில் சுமார் 24 மி.மீ. லென்ஸுக்குச் சமம். ஆக பிம்பம் 2.4 மி.மீ. ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் உயரம் 24 மி.மீ. அதாவது உங்க பிரம்மாண்டமான சிகரம், படத்தின் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு. மீதி ஒன்பது பங்கு வேற ஏதோ.

இப்போது அதே இடத்தில் நின்றுகொண்டு 100 மி.மீ. போடுங்கள். பிம்பம் 10 மி.மீ. படத்தில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் சிகரம் நிற்கும். நாம் நேரில் பார்க்கும்போது கண் முழுக்காட்சியையும் வாங்கினாலும், மனசு அந்தச் சிகரத்தை மட்டும் தனியாக வெட்டி எடுத்துக்கொள்கிறது. கேமராவுக்கு அந்த மனசு இல்லை. டெலி லென்ஸ்தான் அதைச் செய்துகொடுக்க வேண்டும்.

மலைன்னாலே வைடு ஆங்கிள், அதுவும் அல்ட்ரா வைடு என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. 0.5 எக்ஸ் பட்டனை அழுத்தினால் மலை இன்னும் சின்னதாகத்தான் ஆகும். ஏற்கெனவே கையில் 18-55 கிட் லென்ஸ் இருக்கு, அடுத்து எது வாங்கலாம் என்று கேட்டால், என் பதில் யோசிக்காமல் 55-250 அல்லது 70-300 மாதிரி ஒரு சாதாரண டெலி ஜூம். 10-18 மாதிரி வைடு லென்ஸ் அதற்கு அப்புறம்தான், அதுவும் பணம் மிஞ்சினால்.

டெலியின் இன்னொரு லாபம் மலை அடுக்குகள். கொழுக்குமலையில் விடியற்காலை கிழக்கே பார்த்தால் ஒன்றன்பின் ஒன்றாக முகடுகள் போய்க்கொண்டே இருக்கும். பக்கத்து முகடு கறுப்பு, அடுத்தது கருநீலம், அதற்கும் அடுத்தது வெளிர்நீலம், கடைசியில் வானத்தோடு கரைந்துவிடும். நடுவில் இருக்கும் காற்று, நீல ஒளியை அதிகமாகச் சிதறடிப்பதால் வரும் விளைவு இது. ரேலே சிதறல், அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதம், முதல் வருஷ இயற்பியலில் எழுதிப் பாஸ் ஆன அதே பாடம். வைடு லென்ஸில் இந்த அடுக்கு எல்லாம் அடிவானத்தில் ஒரு மெல்லிய கோடாகச் சுருங்கிப்போகும். 150, 200 மி.மீ.யில் எடுத்தால் படம் முழுக்க அடுக்குதான்.

ஆனா ஒரு விஷயம். டெலி லென்ஸ் நடுவில் இருக்கும் புகைமூட்டத்தையும் சேர்த்தே கிட்டே கொண்டுவரும். வெயில் ஏறியபின் தரையிலிருந்து எழும் சூடான காற்று தூரத்து மலையை நெளிய வைக்கும். அதை எந்த லென்ஸாலும் திருத்த முடியாது. டெலி படத்துக்கு அதிகாலையோ மழை விட்ட நேரமோதான் சரி.

விலங்குக்கும் இதே கணக்குத்தான். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் இருக்கும் லோம்ஸ் வியூ பாயின்ட் பக்கம் நம்ம மாநில விலங்கான வரையாடு பாறையில் நிற்பதைப் பல பேர் பார்த்திருப்பீங்க. 50 மீட்டர் தூரத்தில் நிற்கும், சுமார் ஒரு மீட்டர் நீளமுள்ள ஆட்டை 250 மி.மீ.யில் எடுத்தால், சென்சாரில் 5 மி.மீ. நீளத்துக்கு விழும். ஏ.பி.எஸ்.சி. சென்சாரின் அகலம் சுமார் 23 மி.மீ. ஆக படத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் மேல். சுற்றி இருக்கும் பாறையோடு சேர்த்துப் பார்க்க அதுவே நல்ல அளவு. 600 மி.மீ. எல்லாம் தேவையில்லை. செல்ஃபிக்காகப் பக்கத்தில் போகவும் தேவையில்லை.

வைடு லென்ஸ் சுத்தமா வேண்டாமா என்றால், வேண்டிய இடம் இருக்கிறது. சோலைக்காட்டுக்குள்ளே பின்னால் போக இடமில்லாதபோது, ஒரு பாறையையோ பூவையோ முன்னால் பெரிதாக வைத்துப் பின்னால் மலையைக் காட்டும்போது, ராத்திரி நட்சத்திரம் எடுக்கும்போது. கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில் இன்னொரு அதிசயமும் உண்டு. சூரியன் முதுகுக்குப் பின்னால், பள்ளத்தாக்கில் உங்களுக்கு எதிரே பனிமூட்டம் என்று இரண்டும் அமைந்தால், உங்க நிழலே அந்தப் பனியில் ராட்சச உருவமாக விழும். சில சமயம் தலையைச் சுற்றி வானவில் வளையமும் தெரியும். ப்ராக்கன் ஸ்பெக்டர் என்று பெயர். அதற்கு வைடுதான் வசதி. ஆனால் இதற்கெல்லாம் கிட் லென்ஸின் 18 மி.மீ. முனையே போதும்.

மூணு கிலோவா, ஒரு கிலோவா

எடை என்றால் நம்ம ஆட்கள் "அதெல்லாம் தூக்கிடலாம் பாஸ்" என்பார்கள். சமதளத்தில் தூக்கலாம். 2,000 மீட்டருக்கு மேல், செங்குத்தான தேயிலைத் தோட்டத்துப் பாதையில், மூன்றாவது மணி நேரத்தில் அந்தப் பை என்ன சொல்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

ஒரு ஒப்பீடு. கேனான் 5டி மார்க் 4 பாடி 890 கிராம். 24-70 எஃப் 2.8 லென்ஸின் இரண்டாம் பதிப்பு 805 கிராம். 70-200 எஃப் 2.8 இரண்டாம் பதிப்பு 1,490 கிராம். மொத்தம் 3.2 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, ட்ரைபாட் சேர்க்காமல். இந்தப் பக்கம் கேனான் 200டி மார்க் 2 சுமார் 450 கிராம், 18-55 சுமார் 200 கிராம், 55-250 எஸ்.டி.எம். 375 கிராம். மொத்தம் ஒரு கிலோவைத் தொட்டு நிற்கும். வித்தியாசம் இரண்டு கிலோ. இரண்டு கிலோ என்பது இரண்டு லிட்டர் தண்ணீர். மலையில் அந்தத் தண்ணீரா, எஃப் 2.8ஆ என்று கேட்டால் நான் தண்ணீர் பக்கம்.

இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2018 மார்ச் 11 அன்று, கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். நம்ம வயசுக்காரர்களும் அதில் இருந்தார்கள். வனப்பகுதியில் ட்ரெக்கிங் போக வனத்துறை அனுமதி கட்டாயம் என்பதையும், தீப் பருவத்தில் பாதைகள் மூடப்படும் என்பதையும் யாரும் உங்களுக்கு நினைவுபடுத்தத் தேவையில்லாத அளவுக்கு அது நடந்தது. கேமரா பையில் தண்ணீர், தலையில் மாட்டும் டார்ச், மழைக்கோட்டு, விசில் இவற்றுக்கு இடம் போக மிச்சம் இருப்பதுதான் லென்ஸுக்கான இடம். தலைகீழாகக் கணக்குப் போடாதீங்க. ட்ரோனும் அப்படித்தான், வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்கு மேல் பறக்கவிட முடியாது. அந்த எடையைச் சும்மா சுமக்க வேண்டாம்.

எடை குறைவாக எடுத்துப் போவது ஏதோ காசில்லாதவர்களின் சமாதானம் என்று நினைத்தால், அமெரிக்க மலை போட்டோகிராஃபர் கேலன் ரோவெல் பற்றித் தேடிப் படியுங்கள். அவர் முதலில் மலையேறுபவர், பிறகுதான் போட்டோகிராஃபர். பெரிய தட்டுக் கேமராக்களை ட்ரைபாடில் நிறுத்தி எடுப்பதுதான் உசத்தியான மலைப்படம் என்று கருதப்பட்ட காலத்தில், 35 மி.மீ. நிக்கான் கேமராவோடு ஓடி ஓடி எடுத்தவர். 1981இல் திபெத்தின் லாசாவில் ஒரு வானவில் தோன்றியது. அது பொட்டாலா அரண்மனையின் மேல் சரியாக விழும் கோணத்தைத் தேடி, சுமார் 3,650 மீட்டர் உயரத்தில், மூச்சு வாங்க ஓடிப்போய் எடுத்த படம்தான் அவருடைய மிகப் பிரபலமான படம். மூணு கிலோவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அந்த உயரத்தில் ஓட முடியுமா என்று யோசியுங்கள். வானவில் காத்திருக்காது.

எடையோடு சேர்ந்த இன்னொரு விஷயம், கேமரா எங்கே இருக்கிறது என்பது. பைக்குள் இருக்கும் கேமரா இல்லாத கேமராவுக்குச் சமம். கொடைக்கானல் தூண் பாறையில் நின்றிருக்கிறீர்களா? முழுப் பாறையையும் மேகம் மூடியிருக்கும், திடீரென்று ஒரு நிமிஷம் விலகும், மறுபடி மூடிக்கொள்ளும். அந்த நிமிஷத்தில் பையை இறக்கி, ஜிப்பைத் திறந்து, லென்ஸை மாற்றி, மூடியைக் கழற்றி... போச்சு. பையின் தோள்பட்டை வாரில் கேமராவை மாட்டும் கிளிப் ஒன்று, அல்லது குறுக்கே போடும் அகலமான வார், இது ஒரு புது லென்ஸைவிட அதிகப் படங்களைத் தரும். லென்ஸ் மாற்றவே பிடிக்காதவர்கள் 18-135 மாதிரி ஒரே லென்ஸோடு போகலாம். எட்டும் தூரம் குறையும், ஆனால் பனிமூட்டத்தில் பாடியைத் திறக்க வேண்டியதில்லை. எனக்கு இரண்டு லென்ஸ்தான் பிடிக்கும். பாதி வழியில் லென்ஸ் மாற்றச் சோம்பல்படும் நண்பர்களுக்கு 18-135தான் சொல்வேன்.

ட்ரைபாட் விஷயத்தில் நடுவழி ரொம்ப மோசம். ஆன்லைனில் சல்லிசாகக் கிடைக்கும் மெல்லிய கால் ட்ரைபாட், மலைக்காற்றில் நிற்பதற்குப் பதில் நடனம் ஆடும். நட்சத்திரமோ, விடியலுக்கு முந்தைய வெளிச்சமோ எடுக்கிற ஆசை இருந்தால் உறுதியானதாக வாங்குங்கள், நடுத்தண்டை உயர்த்தாமல் வையுங்கள், கீழே கொக்கியில் உங்கள் பையையே தொங்கவிடுங்கள். அந்த ஆசை இல்லையென்றால் ட்ரைபாடே வேண்டாம். 250 மி.மீ. லென்ஸுக்கு, கேனான் கிராப்பையும் சேர்த்தால் ஷட்டர் வேகம் 1/400 நொடி வேண்டும் என்பது பழைய விதி. லென்ஸில் இருக்கும் ஸ்டெபிலைசர் மூன்று ஸ்டாப் கொடுத்தால் 1/50 வரை கையிலேயே எடுக்கலாம். அதற்கும் கீழே போனால் ஒரு துணிப்பை. ஆமாங்க, காலி துணிப்பையை எடுத்துப்போய், போற இடத்துக் கடையில் ரெண்டு கிலோ அரிசி வாங்கி நிரப்பி, வாயை இறுக்கிக் கட்டினால் அதுதான் பீன் பேக். பாறை மேலே, ஜீப் ஜன்னல் மேலே, எங்கே வைத்தாலும் லென்ஸ் ஆடாமல் உட்காரும். திரும்பும்போது அரிசியைப் பொங்கிச் சாப்பிட்டுவிடலாம்.

ஈரமும் குளிரும்

நுழைவுநிலை கேமராக்கள் பெரும்பாலும் மழைக்கு ஏற்றபடி சீல் செய்யப்பட்டவை அல்ல. விலை உயர்ந்த பாடிகளில் சீல் இருக்கும், ஆனால் அதில் மாட்டும் லென்ஸும் சீல் உள்ளதாக இருந்தால்தான் பலன். இதற்காக மட்டும் பட்ஜெட்டை இரட்டிப்பாக்க வேண்டாம். ஒரு கெட்டியான பாலித்தீன் கவரில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, லென்ஸ் ஹூடோடு ரப்பர் பேண்டால் கட்டினால் தூறல் தாங்கும். திரும்பும்போது அந்தக் கவரைக் காட்டில் விட்டுவிடாமல் கையோடு கொண்டுவந்துவிடுங்கள். ஹூடை எப்போதும் மாட்டி வையுங்கள். இரண்டு மூன்று மைக்ரோஃபைபர் துணி, ஒவ்வொன்றும் தனித்தனி ஜிப் கவரில். ஒன்று நனைந்தால் அது அன்றைக்கு அவுட்.

மழையைவிடக் கேமராக்களைக் கொல்வது பனித்துளி. மெக்கானிக்கல்காரர்கள் சைக்ரோமெட்ரிக் சார்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அறை வெப்பநிலை 22 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் பனிநிலை சுமார் 14 டிகிரி. டிசம்பர் இரவில் ஊட்டியில் வெளியே 5 டிகிரியில் இரண்டு மணி நேரம் இருந்த கேமராவை அந்த அறைக்குள் கொண்டுவந்தால், அதன் உலோகம், கண்ணாடி எல்லாமே 14 டிகிரிக்குக் கீழே. அறைக் காற்றின் ஈரம் அப்படியே அதன் மேல் வியர்க்கும். வெளியே மட்டுமல்ல, உள்ளேயும்தான். தீர்வுக்குச் செலவு பத்து ரூபாய். வெளியே இருக்கும்போதே கேமராவை ஜிப் கவரில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். உள்ளே வந்தபின் ஒரு மணி நேரம் தொடாதீர்கள். ஈரம் கவரின் வெளிப்புறத்தில் படியும். அன்றைய படங்களைப் பார்க்கும் ஆவலில் மெமரி கார்டை எடுக்கக் கவரைத் திறக்கும் ஆள்தான் எல்லா குரூப்பிலும் இருப்பார். கார்டை வெளியிலேயே கழற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

குளிர் முதலில் தாக்குவது பேட்டரியை. லித்தியம் அயான் செல்லில் வெப்பநிலை குறையக் குறைய அயனிகள் நகர்வது மெதுவாகும், உள் மின்தடை ஏறும், லோடு கொடுக்கும்போது வோல்டேஜ் சரியும். கேமரா அதைப் பார்த்து "காலி" என்று முடிவுகட்டும். உண்மையில் சார்ஜ் முழுசாகத் தீர்ந்திருக்காது; சட்டைக்குள் வைத்துச் சூடாக்கினால் கொஞ்சம் திரும்ப வரும். 1953இல் எட்மண்ட் ஹிலாரி எவரெஸ்ட் உச்சியில் டென்சிங்கைப் படம் எடுத்த கோடக் ரெட்டினா கேமராவை, உறையாமல் இருக்கச் சட்டைக்குள் வைத்துத்தான் மேலே கொண்டுபோனார். அதில் பேட்டரியே கிடையாது. நம்மிடம் இருப்பது பேட்டரி இல்லாமல் அசையாத கேமரா என்பதால் நமக்கு அந்தப் பழக்கம் இன்னும் அவசியம். உதிரி பேட்டரிகளை உள்சட்டைப் பையில் வையுங்கள், இரவில் தூங்கும் பைக்குள் கூடவே படுக்கவையுங்கள். ஊட்டி, கொடைக்கானலுக்கு ஒரு உதிரி போதும். உத்தரகாண்ட் பக்கம் குளிர்கால ட்ரெக் போகிறவர்கள், சார்ஜ் போட வழியில்லாத நாட்களை எண்ணி, நாளுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வது நல்லது. பவர் பேங்கில் சார்ஜ் போடுவதாக இருந்தால் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போடாதீர்கள். ஆனோடின் மேல் லித்தியம் உலோகமாகப் படிந்து செல் கெடும்.

மிரர்லெஸ் வாங்குவதா, டி.எஸ்.எல்.ஆர். வாங்குவதா என்ற சண்டைக்கு இங்கே ஒரு சின்ன எண்ணிக்கை. ஒரு சார்ஜில் நிக்கான் டி5600 எடுக்கும் படங்கள், தர அளவீட்டின்படி 970. சோனி ஏ6400 சுமார் 400. மிரர்லெஸ் சிறியது, ஃபோகஸ் வேகமானது, எதிர்காலமும் அதுதான். ஆனாலும் செகண்ட் ஹேண்டில் டி.எஸ்.எல்.ஆர். விலை இறங்கிக் கிடக்கும் இந்தக் காலத்தில், மலைக்குப் போகும் மாணவருக்கு அது கேவலமான தேர்வு இல்லை.

ஊர் திரும்பியபின் பையை அப்படியே கட்டிலுக்குக் கீழே தள்ளுபவர்களுக்கு: சென்னை மாதிரிக் கடலோர ஊரில், ஈரமான பைக்குள் மூடிய லென்ஸில் பூஞ்சை வளர அதிக நாள் தேவையில்லை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மீட்டர். 40 முதல் 50 சதவீதம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அரிசிக்குள் புதைப்பது வேண்டாம்; மாவுத்தூசி ஜூம் வளையத்துக்குள் போகும். அரிசி பீன் பேக்கோடு நிற்கட்டும்.

ஒரே ஒரு ஃபில்டர்

ஃபில்டர் கடையில் பத்து வகை காட்டுவார்கள். மலைக்கு ஒன்று போதும், சி.பி.எல். எனப்படும் போலரைசர். நீல வானத்தை அடர்த்தியாக்கத்தான் இது என்று எல்லோரும் நினைப்பார்கள். அதைவிடப் பெரிய உபயோகம் இலைகளில். மழை நனைத்த தேயிலை இலையும் சோலைமர இலையும் வெள்ளை வானத்தைப் பிரதிபலித்து வெளிறித் தெரியும். போலரைசரைத் திருப்பினால் அந்தப் பளபளப்பு விலகி, இலையின் சொந்தப் பச்சை வரும். இதை எடிட்டிங்கில் கொண்டுவருவது கஷ்டம். பிரதிபலிப்புக்கு அடியில் இருந்த நிறம் பதிவாகவே இல்லையே. ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் போகும், அதைக் கணக்கில் வையுங்கள். தூரத்து நீலப்புகையையும் ஓரளவு குறைக்கும். அடர்ந்த பனிமூட்டத்தை ஒன்றும் செய்யாது. அந்தத் துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை, எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி சிதறடிக்கும்.

சின்ன லென்ஸ் வாங்கியதற்கு இங்கே ஒரு போனஸும் உண்டு. கேனானின் 18-55 எஸ்.டி.எம்., 55-250 எஸ்.டி.எம். இரண்டுக்கும் ஃபில்டர் அளவு ஒன்றுதான், 58 மி.மீ. ஒரே சி.பி.எல். இரண்டுக்கும் ஓடும். எஃப் 2.8 லென்ஸ்களின் 77, 82 மி.மீ. அளவில் நல்ல ஃபில்டர் விலையைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

காசே இல்லாமல் கிடைக்கும் இரண்டு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். பனிமூட்டமோ பனிப்பொழிவோ படத்தை நிறைத்திருந்தால் கேமராவின் மீட்டர் வெள்ளையைச் சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை ஒன்று முதல் இரண்டு வரை ஏற்றுங்கள். அடுத்து, லேண்ட்ஸ்கேப் என்றாலே எஃப் 16, எஃப் 22 என்று போடாதீர்கள். ஒளி விளிம்பு வளைவால் ஒவ்வொரு புள்ளியும் ஒரு வட்டமாக விரியும்; அந்த வட்டத்தின் விட்டம் 2.44 பெருக்கல் அலைநீளம் பெருக்கல் எஃப் எண். பச்சை ஒளிக்கு எஃப் 8இல் சுமார் 11 மைக்ரான், எஃப் 16இல் 21 மைக்ரான். 24 மெகாபிக்சல் ஏ.பி.எஸ்.சி. சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 4 மைக்ரானுக்குள். தூரத்து மலைக்கு எஃப் 8 தாராளம்.

சரி, இப்போ பாடி

இவ்வளவு தூரம் வந்தபின் இதற்குச் சொல்ல அதிகம் இல்லை. கடந்த எட்டு, பத்து வருஷத்தில் வந்த எந்த 24 மெகாபிக்சல் ஏ.பி.எஸ்.சி. பாடியும் போதும். ரா ஃபைல் எடுக்க வேண்டும். விடியலில் வானத்துக்கும் பள்ளத்தாக்குக்கும் இருக்கும் வெளிச்ச வித்தியாசத்தை ஜேபெக் தாங்காது. பிராக்கெட்டிங் வசதி இருந்தால் நல்லது. ஃபுல் ஃப்ரேமின் உண்மையான லாபம் இரவு வானத்தில்தான் பெரிதாகத் தெரியும். வருஷத்துக்கு எத்தனை ராத்திரி பால்வெளி எடுக்கப் போறீங்க என்று நேர்மையாக எண்ணிவிட்டு முடிவு பண்ணுங்க.

கேமராவே வேண்டாம், மொபைல் போதும் என்றாலும் தப்பில்லை. அப்படியானால் மெகாபிக்சலைப் பார்க்காமல், உண்மையான ஆப்டிகல் டெலி கேமரா இருக்கிறதா என்று பாருங்கள். மேலே சொன்ன 24 மி.மீ. கணக்கு அதற்கும் பொருந்தும். மூன்று எக்ஸ் டெலி உள்ள மொபைல், டெலி கேமரா இல்லாத மொபைலைவிட மலையைப் பெரிதாகக் காட்டும்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு தடவையாவது வாடகைக்கு எடுங்கள். பெரிய ஊர்களில் நாள் வாடகைக்குக் கிடைக்கிறது. அடையாள அட்டையும் டெபாசிட்டும் கேட்பார்கள். நாலு பேர் சேர்ந்து எடுத்தால் தலைக்கு ஒரு பிரியாணிக் காசுதான் வரும். எந்தக் குவியத்தூரத்தில் அதிகம் எடுத்தீர்கள் என்று திரும்பி வந்து ஃபைல் விவரத்தில் பாருங்கள், அடுத்து வாங்க வேண்டிய லென்ஸ் எது என்று அதுவே சொல்லும். வாடகைக்கு எடுக்கும்போது லென்ஸில் ஏற்கெனவே இருக்கும் கீறலைக் கடைக்காரர் முன்னாலேயே வீடியோ எடுத்துவிடுங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்கினால் கையில் ஒரு டார்ச்சோடு போங்க. லென்ஸின் இரண்டு மூடியையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். ஒன்றிரண்டு தூசி இருந்தால் பரவாயில்லை. சிலந்தி வலை மாதிரி நார் நாராகக் கிளை விட்டிருந்தால் அது பூஞ்சை, விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். உங்க டப்பாவில் இருக்கும் மற்ற லென்ஸுக்கும் பரவலாம். ஜூமைத் திருப்பும்போது மணல் அரைக்கும் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். பாடியில் ஷட்டர் எண்ணிக்கையைக் கேளுங்கள். எஃப் 16இல் வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கினால் சென்சார் தூசி கறுப்புப் புள்ளியாகத் தெரியும். அதைச் சுத்தம் செய்துகொள்ளலாம், அதைக் காட்டி விலையையும் குறைக்கலாம்.